வேனில் ஏற்றாதீர்கள், பட்டறையில் விடுங்கள்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் இப்போதே பெட்டி கட்டி உட்கார்ந்திருக்கும் சுற்றுலாப் பயணிகளே, என் அணித் தோழர்களே, இந்த வெயிலிலும் மண்டபத்து ஃபேனை நம்பி வந்திருக்கும் மதுரைப் பெருமக்களே, முன்வரிசையைப் பிடித்துக்கொண்டு நடுவர் எப்போது மணி அடிப்பார் என்று பார்த்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

"கோடை விடுமுறையில் குழந்தைகளுக்கு அதிகம் கொடுப்பது குடும்பச் சுற்றுலாவா, செய்து பார்க்கும் பட்டறையா?" இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய தம்பி மூன்று விஷயம் சொன்னார். ஊட்டி, ராமேஸ்வரம், கீழடி என்று கூட்டிப்போனால்தான் பிள்ளை உலகத்தைப் பார்க்கும் என்றார். அப்பா அம்மாவோடு சேர்ந்திருக்கும் பொழுதுதான் கடைசிவரைக்கும் மனதில் நிற்கும் என்றார். பட்டறை, முகாம் என்பதெல்லாம் காசு பிடுங்கும் ஏற்பாடு என்று முடித்தார். கைதட்டலும் வாங்கிவிட்டார். அந்த மூன்றாவது பாயிண்டுக்கு நானும் தட்டினேன். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஊட்டி. ஐயா, 2024 மே 7-ஆம் தேதியிலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் இல்லாமல் வெளியூர் வண்டி ஏற முடியாது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு. அதுவும் போதாமல், அடுத்த ஆண்டு நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று கணக்கும் போட்டுவிட்டார்கள். மலை தாங்காது என்று நீதிமன்றமே தலையிட்ட இடத்துக்குத்தான் தம்பி பிள்ளைகளை உலகம் பார்க்கக் கூப்பிடுகிறார். உலகம் தெரியுமோ இல்லையோ, முன்னால் நிற்கும் வண்டியின் நம்பர் பிளேட் மனப்பாடம் ஆகிவிடும்.

சரி, எப்படியோ மேலே போய்ச் சேர்ந்தாயிற்று. அங்கே பிள்ளைக்கு என்ன வேலை? விடிவதற்கு முன்னால் எழுப்பியது அப்பா. ஸ்வெட்டர் மாட்டியது அம்மா. வண்டியை எங்கே நிறுத்துவது என்பது டிரைவர் இஷ்டம். மதியம் என்ன சாப்பாடு என்பதை முந்தின நாளே புளியோதரைத் தூக்கு முடிவு பண்ணிவிட்டது. தொட்டபெட்டாவில் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதைப் பெரியப்பாவின் முழங்கால் முடிவு பண்ணும். நடுவில் பிள்ளை குத்தவைத்து ஒரு எறும்புச் சாரியைப் பார்த்தால், "அங்க என்னடா வேடிக்கை, இன்னும் நாலு எடம் பாக்கணும், எந்திரி!" வேடிக்கை பார்க்கத்தானே ஐயா கூட்டிவந்தீர்கள்? எறும்பு பட்டியலில் இல்லை, அவ்வளவுதான். அந்த வேனில் ஏற்றிய சாமான்களை எண்ணிப் பாருங்கள்: சூட்கேஸ், பாய், தண்ணீர் கேன், ஐஸ் பெட்டி, பிள்ளை. பிள்ளையும் ஒரு சாமான். ஏற்றுவார்கள், இறக்குவார்கள், போட்டோவுக்கு நிறுத்துவார்கள்.

என் வாதம் ஒன்றே ஒன்றுதான். பிள்ளை தானாக ஒரு முடிவு எடுத்து, அதைத் தன் கையால் செய்து, கெடுத்து, மறுபடி செய்து பார்க்கிற இடம் எதுவோ, அதுதான் அந்தப் பிள்ளைக்கு அதிகம் கொடுக்கிறது. சுற்றுலாவில் அதற்கு இடம் கிடையாது. நல்ல பட்டறையில் அதைத் தவிர வேறு எதுவும் கிடையாது.

"நல்ல பட்டறை" என்று அழுத்திச் சொல்கிறேன். இங்கேதான் தம்பிக்கு நான் கை தட்டினது. ஏசி ஹாலில் பத்து நாள் வைத்து, எல்லாப் பிள்ளையையும் ஒரே மயிலை வரையவைத்து, கடைசி நாளில் கோட்டு போட்டவர் ஒருவர் வந்து சான்றிதழ் கொடுத்து, அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்க அம்மா வரிசையில் நிற்பது பட்டறை இல்லை. அது டியூஷன். விடுமுறையிலும் மதிப்பெண் ஆசை விடாத பெற்றோருக்காக நடக்கிற கடை. கோடிங், அபாகஸ், கையெழுத்து என்று பேனரில் எதை எழுதினாலும் சரி. அதற்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. எதிரணி அந்தக் கடையைக் காட்டி என் கட்சியை அடிக்கக் கூடாது என்பதுதான் என் கோரிக்கை.

பட்டறை என்றால் என்ன என்பதற்கு ஒரு மனிதரைச் சொல்கிறேன். அரவிந்த் குப்தா. கான்பூர் ஐஐடியில் படித்த பொறியாளர். புனேயில் லாரி செய்யும் டெல்கோ கம்பெனியில் வேலை. 1978-இல் விடுப்பு எடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத்துக்குப் போனார். அங்கே கிராமத்துப் பள்ளிகளில் அறிவியலைச் செய்முறையாகக் கற்றுக்கொடுக்கும் திட்டம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. கிராமத்துச் சந்தையில் கிடைத்த மலிவுப் பொருள்களை வைத்து என்ன செய்யலாம் என்று யோசித்தவருக்குத் தட்டுப்பட்டது, தீக்குச்சியும், சைக்கிள் வால்வில் மாட்டும் மெல்லிய ரப்பர் குழாயான வால் டியூப்பும். லாரி செய்தவர் பொம்மை செய்ய வந்துவிட்டார். 2018-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

நான் அரசுப் பள்ளியில் அறிவியல் டீச்சர். கோடையில் நூலகத்தில் பட்டறை போடுகிறவர்களோடு சேர்ந்துகொள்வேன். அந்தத் தீக்குச்சி வேலையைத்தான் முதல் நாள் கொடுப்போம். வால் டியூப்பை ஒரு சென்டிமீட்டர் துண்டாக நறுக்கவேண்டும். மருந்தைச் சுரண்டிய குச்சியை ஒரு துண்டின் இரண்டு பக்கமும் சொருகினால் ஒரு மூட்டு வந்துவிடும். நாலு குச்சி, நாலு மூட்டு. ஒரு சதுரம் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவோம். பிள்ளை செய்து நிமிர்த்தும். விரலால் லேசாகத் தள்ளினால் சதுரம் சரிந்து படுத்துவிடும். "டீச்சர், இது நிக்க மாட்டேங்குது!" நாங்கள் வாய் திறக்க மாட்டோம். அதுதான் எங்களுக்குக் கஷ்டமான வேலை. பத்து நிமிஷம் போகும். ஒருத்தன் குச்சியை மாற்றுவான், ஒருத்தி டியூப்பை மாற்றுவாள். யாராவது ஒரு பிள்ளை மூன்று குச்சியில் முக்கோணம் செய்து தள்ளிப் பார்க்கும். அசையாது. அப்புறம் எங்கிருந்தோ வேறொரு வாண்டு, சதுரத்துக்குக் குறுக்கே ஒரு நீளக் குச்சியைச் சொருகும். சதுரம் நிமிர்ந்து நின்றுவிடும். அந்த நேரம் அந்த மூஞ்சியைப் பார்க்கவேண்டும் ஐயா!

இப்போது தம்பி சொன்ன ராமேஸ்வரத்துக்குப் போவோம். 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்த புதிய பாம்பன் பாலம். கப்பல் போகும்போது நடுவில் 72.5 மீட்டர் நீளப் பகுதி அப்படியே செங்குத்தாக மேலே ஏறும். 1914-இல் திறந்த பழைய பாலத்துக்குப் பக்கத்திலேயே கட்டியது. வேனில் போன பிள்ளை ஜன்னலில் எட்டிப் பார்க்கும், "ஐ, கடல்!" என்று சொல்லும், அப்பா செல்ஃபி எடுப்பார், முடிந்தது. தீக்குச்சி சொருகிய பிள்ளை போனால், "அப்பா, அந்தத் தூக்குற பாலத்துல பாருங்க, பூராவும் முக்கோணம்!" என்று கத்தும். இரும்புச் சட்டம் ஏன் குறுக்கும் மறுக்குமாகப் போகிறது என்று அப்பாவுக்கே அன்றைக்குத்தான் தெரியும். பாலம் ஒன்றுதான். பார்க்கிற கண்ணை நாங்கள் செய்து அனுப்பினோம்.

கீழடிக்கும் இதேதான். நம் ஊருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம், செட்டிநாட்டு வீடு பாணியில் அழகாகக் கட்டியிருக்கிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த இடம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளைக்கு அங்கே என்ன கிடைக்கிறது? கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பானை ஓடு. அதில் "ஆதன்" என்று, தமிழின் பழங்கால எழுத்தான தமிழியில் ஒரு பெயர். பிள்ளை மூக்கைக் கண்ணாடியில் வைத்தால், "தொடாத, தள்ளி நில்லு." அந்தக் கூட்டத்தில் அடுத்த பெட்டிக்கு நகர்த்திவிடுவார்கள்.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? உடைந்த மண்பானை ஓடுகளைப் பொறுக்கிவந்து ஆளுக்கு ஒன்று கொடுத்தோம், கூடவே ஓர் ஆணி. உங்க பேரை இதில் எழுதுங்க என்றோம். ஒரு சிறுமி பெயரில் "ஜ" வருகிறது. ஆணி வழுக்குகிறது, ஓடு கிறீச்சென்கிறது, பக்கத்தில் இருக்கிறவள் காதைப் பொத்திக்கொள்கிறாள். "டீச்சர், ஆணி வளையவே மாட்டேங்குது" என்று அழுகிற மாதிரி வந்தாள். பக்கத்துப் பையன் பெயரில் "ணி". இரண்டு முறை ஓட்டையே உடைத்துவிட்டான். அப்போதுதான் தமிழி எழுத்து அட்டையை எடுத்து நடுவில் வைத்தோம். "க"வுக்கு ஒரு கூட்டல் குறி. "ர"வுக்கு ஒரு நிமிர்ந்த கோடு. பிள்ளைகளுக்குச் சிரிப்பு. "ஏ, இது ஈஸிடா!" என்று சரசரவென்று கீறித் தள்ளிவிட்டார்கள். ஓட்டில் கீறுகிறவனுக்குக் கோடுதான் தோது என்று நாங்கள் யாரும் பாடம் நடத்தவில்லை. மறுநாள் அதே பிள்ளைகளுக்குப் பனை ஓலை கொடுத்தோம். அதில் நேர்கோடு இழுத்தால் நரம்போடு கிழிகிறது. "இதுக்கு வளைச்சு எழுதணும் டீச்சர்" என்று நாலாவது படிக்கிற பையன் சொல்கிறான். நம் எழுத்து உருண்டையானதற்கு ஓலையும் ஒரு காரணம் என்று பெரிய பெரிய ஆட்கள் சொல்வதை, இவன் ஒரு ஓலையைக் கிழித்துக் கண்டுபிடித்துவிட்டான். அதற்கப்புறம் அவனைக் கீழடிக்குக் கூட்டிப்போங்கள். ஆதன் எவ்வளவு சிரமப்பட்டுக் கீறியிருப்பான் என்பது அவன் விரலுக்குத் தெரியும்.

நடுவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். வேகமாக வருகிறேன். (மணி அடித்துவிடாதீர்கள் ஐயா, எதிரணித் தம்பிக்குக் கூடுதலாக ரெண்டு நிமிஷம் கொடுத்ததை நானும் பார்த்தேன்.)

அப்பா அம்மாவோடு இருக்கும் பொழுது என்று தம்பி கண் கலங்கினார். நானும் ஓர் அம்மாதான். உண்மையைச் சொல்லட்டுமா? பட்டறையில் நாங்கள் போடும் முதல் விதி, பெற்றோர் வாசலோடு சரி. ஏன் என்றால், உள்ளே விட்டுப் பார்த்திருக்கிறோம். களிமண் கொடுத்தால், பிள்ளை ஒரு வாத்து பண்ணும். வாத்துக்கு மூன்று கால் இருக்கும். அம்மா உடனே, "தள்ளு, நான் பண்றேன்" என்று வாங்கி, ரெண்டு கால் வைத்து, மூக்கும் வைத்து, வழவழவென்று தடவிக் கொடுத்துவிடுவார். அழகான வாத்துதான். ஆனால் அது அம்மா பண்ணின வாத்து. மூன்றாவது கால் எதற்கு என்று கேட்டிருந்தால், "அது நின்னுகிட்டே தூங்கும்போது விழாம இருக்கிறதுக்கு" என்று பிள்ளை சொல்லியிருக்கும். கேட்க யாருக்கு நேரம்?

சேர்ந்து இருக்கத்தான் வேண்டும் என்றால் வீட்டுப் பக்கத்திலேயே வழி இருக்கிறது. திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில் விளாச்சேரி. கொலு பொம்மை, பிள்ளையார், கிறிஸ்துமஸ் குடில் பொம்மை எல்லாம் அங்கே வீட்டுக்கு வீடு செய்கிறார்கள். பிள்ளையைக் கூட்டிப்போய், கேட்டுக்கொண்டு, திண்ணையில் உட்காரவைத்துக் கையில் ஒரு உருண்டை மண் கொடுங்கள். அதைச் சுற்றுலா என்று எதிரணி உரிமை கொண்டாடினால் நான் விடமாட்டேன். மண் கையில் வந்த நிமிஷமே அது எங்கள் கட்சி.

கடைசியாக ஒன்று. இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். குடும்பச் சுற்றுலா என்றால் யார் குடும்பம்? மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடியற்காலையில் கூடை தூக்கும் அம்மாவுக்கு லீவு யார் கொடுப்பது? ஊட்டியில் சீசன் நேரத்தில் அறை வாடகை என்ன என்று தம்பிக்குத் தெரியும், போன வாரம்தான் போய் வந்தார். தீக்குச்சிப் பெட்டியும் வால் டியூப்பும் அந்த அம்மாவுக்கும் முடியும். நூலகத்தில் ஜமுக்காளத்தை விரித்தால், கான்வென்ட் பிள்ளையும் கார்ப்பரேஷன் பள்ளிப் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிறது. ஒருத்தன் டியூப்பை இன்னொருத்தன் கடன் வாங்குகிறான். வேனில் நம் ஆட்கள் மட்டும்தான் ஐயா ஏறுவார்கள். அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை, மிஞ்சிப்போனால் எதிர்வீடு.

இதற்கு அரசாங்கமே வழி வைத்திருக்கிறது. கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்களில் 5 வயதிலிருந்து 16 வயது வரைக்கும் பாட்டு, ஓவியம், நடனம் என்று சொற்பக் கட்டணத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம், அரசுப் பள்ளிகளில் ஆறிலிருந்து எட்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு அறிவியலைச் செய்து பார்க்கக் கொடுக்கிறது. நம் புதுநத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. ஏசியும் இருக்கிறது, ஊட்டிக்குப் போக முடியாத குறையும் தீர்ந்தது.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். அடுத்து எதிரணியிலிருந்து பேச அக்கா வருகிறார். கொடைக்கானலைப் பற்றிப் பிரமாதமாகப் பேசுவார் என்று கேள்வி. அக்கா, ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள்: போன வருஷம் நீங்கள் போன அந்தப் பயணத்தில் உங்கள் மகன் எடுத்த முடிவு ஏதாவது ஒன்று சொல்லுங்கள், பார்ப்போம். ஐஸ்கிரீம் எந்த நிறம் என்பதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. நன்றி, வணக்கம்.