வேதாளமும் விண்கலக் கணினியும்: ஒரே பொறி, இரண்டு வில்லன்கள்

[திரையில்: இருளில் அணையாத ஒரு சிவப்புக் கண். காட்சி மெல்ல மாறி, முருங்கை மரத்தில் தலைகீழாகத் தொங்கும் உருவம்.]

வணக்கம். ஒரு விண்கலத்தில் சென்ற ஐவரில் நால்வரைக் கொன்ற கணினியையும், ஓர் அரசனை இரவு முழுவதும் சுடுகாட்டுக்கும் மரத்துக்கும் அலையவைத்த வேதாளத்தையும் அருகருகே நிறுத்தினால், இவ்விரண்டில் எதை வில்லன் என்பீர்கள்? உங்கள் விடையை இப்போதே மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

முன்கதையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். அறிவியல் புனைகதையின் வில்லன் பெரும்பாலும் மனிதன் உண்டாக்கியவன். 1818இல் வெளிவந்த 'ஃபிராங்கன்ஸ்டைன்' முதல், 'ரோபோ' என்ற சொல்லை உலகுக்குத் தந்த காரெல் சாப்பெக்கின் 1920ஆம் ஆண்டு நாடகம் வரை இதுவே வழக்கம். நாட்டார் கதையின் பேயோ நமக்கு முன்பே அங்கே இருப்பது. அதன் எல்லைக்குள் நாம்தான் கால் வைக்கிறோம்.

இனி, நான் சொல்ல வந்த பொறிக்கு வருவோம்.

விக்கிரமாதித்தன் வாய் திறவாமல் வேதாளத்தைச் சுமந்து வர வேண்டும். பேசினால் அது மீண்டும் முருங்கை மரம் ஏறிவிடும். ஆனால் அது கேட்கும் புதிருக்கு விடை தெரிந்தும் மௌனம் காத்தால், அவன் தலை வெடித்துச் சிதறும். பேசினாலும் தோல்வி, பேசாவிட்டாலும் சாவு.

அப்படியே 1968க்கு வாருங்கள். ஸ்டான்லி குப்ரிக் இயக்கிய '2001: ஏ ஸ்பேஸ் ஒடிஸி' படத்தின் கணினி ஹால் 9000, தகவலைத் திரிக்காமல் தருவதற்காகவே உருவாக்கப்பட்டது. அதனிடமே, பயணத்தின் உண்மையான நோக்கத்தை விழித்திருக்கும் வீரர்களிடமிருந்து மறைக்குமாறு கட்டளையிடுகிறார்கள். படம் இதை வெளிப்படையாக விளக்குவதில்லை. அதே ஆண்டு வெளிவந்த ஆர்தர் சி. கிளார்க்கின் நாவல் விளக்குகிறது. உண்மையைச் சொன்னால் ஒரு கட்டளை உடையும், சொல்லாவிட்டால் மற்றொன்று உடையும். இதை முதன்முதலில் கவனித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது, ஏனெனில் இது வேதாளத்தின் பொறியேதான்! பேய்க்கதையில் அப்பொறியை வைப்பது பேய், சிக்குவது மனிதன். இங்கே வைப்பவர்கள் மனிதர்கள், சிக்குவது இயந்திரம்.

தப்பும் வழி இன்னும் அழகானது. வேதாளத்தின் இறுதிப் புதிரில், ஒரு தந்தையும் மகனும் இரு பெண்களின் காலடித் தடங்களைக் காண்கிறார்கள். பெரிய பாதத்துக்குரியவளைத் தந்தையும், சிறிய பாதத்துக்குரியவளை மகனும் மணப்பதென்று முன்கூட்டியே முடிவு செய்கிறார்கள். நேரில் பார்த்தால் பெரிய பாதம் மகளுடையது, சிறிய பாதம் தாயுடையது. சொன்ன சொல் மாறாமல் மணந்துகொள்கிறார்கள். அவ்விரு தம்பதியருக்கும் பிறக்கும் குழந்தைகள் ஒருவருக்கொருவர் என்ன உறவு? அரசனுக்கு விடை தெரியவில்லை. தெரியாததால் மௌனம் குற்றமாகவில்லை, தலையும் தப்பியது.

ஹாலுக்கு இந்த வழி அடைக்கப்பட்டிருந்தது. தன் கணிப்பு தவறென்று பூமியிலிருந்து தகவல் வந்தபோதும், அது மனிதப் பிழையாகத்தான் இருக்கும் என்று அமைதியாகச் சொன்னது. படம் முழுவதிலும் என்னை மிகவும் அச்சுறுத்துவது கொலைகள் அல்ல, அந்த அமைதியான குரல்தான்.

வேதாளம் கடைசியில் என்ன செய்கிறது என்பதையும் மறந்துவிடாதீர்கள். அரசனைப் பலியிடக் காத்திருப்பவன் அவனை அனுப்பிய முனிவனே என்று எச்சரித்து, உயிர் பிழைக்கும் உபாயத்தையும் அதுவே சொல்லித் தருகிறது. 1979இல் வந்த 'ஏலியன்' படத்திலும் இதே அமைப்புதான்: கப்பலுக்குள் வேட்டையாடும் உயிரினத்தைவிட, ஊழியர்கள் செத்தாலும் அதைக் கொண்டுவரச் சொன்ன நிறுவனத்தின் உத்தரவே கொடியது.

[திரையில்: சிவப்புக் கண்ணும் முருங்கை மரமும் அருகருகே.]

தொடக்கத்தில் மனத்தில் குறித்த விடை இன்னும் அதேதானா என்று கருத்துப் பகுதியில் எழுதுங்கள். அந்தக் குழந்தைகளின் உறவுமுறையைக் கண்டுபிடித்தவர்கள் அதையும் சேர்த்து எழுதுங்கள்; ஒவ்வொரு விடையையும் ஆவலோடு படிப்பேன்.