உப்புப் பொட்டலத்தில் தேதி எழுதுங்கள்

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

இதயத்துக்கு எது நல்லது என்று கேட்டால் உடனே பூண்டு, வெந்தயம், ஓட்ஸ் என்று பட்டியல் வரும். எல்லாம் சரிதான். ஆனால் நம் வீட்டில் இதயத்தை அதிகம் வருத்துபவை அடுப்புக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன: உப்பு டப்பாவும் எண்ணெய்ச் சட்டியும். இரண்டையும் கண்ணளவாகப் போட்டே பழகிவிட்டோம்.

உப்புக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு, ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள். அதாவது ஒரு தேக்கரண்டி. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு நாளைக்கு 20 கிராம்; ஒரு கிலோ பொட்டலம் 50 நாள் வர வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர், கடை பரோட்டா சால்னா என்று வெளியிலிருந்து வரும் உப்பும் இந்தக் கணக்கில் சேர்த்திதான். ஆகவே பொட்டலம் இரண்டு மாதம் வந்தால்தான் நல்லது. இன்று வீட்டுக்குப் போனதும் பொட்டலத்தின் மேல், பிரித்த தேதியை எழுதி வையுங்கள். முப்பதே நாளில் தீர்ந்துபோனால் விடை தெரிந்துவிடும்.

உப்பு கூடினால் உடல் தண்ணீரைத் தேக்கி வைக்கிறது. ரத்தத்தின் அளவு கூடுகிறது, குழாய்களில் அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தத்தை எதிர்த்து இதயம் இரவும் பகலும் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.

குறைப்பதிலும் பக்குவம் வேண்டும். ஒரே நாளில் பாதியாக்கினால் வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள். ஊறுகாய் ஜாடி வெளியே வரும், கணக்கு பழையபடி ஏறிவிடும். முதலில் கால் பங்கு குறையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் நாக்கு பழகிவிடும். பிறகு அடுத்த கால் பங்கு. பொரியலுக்கு இறக்கும்போது உப்புத் தூவினால் குறைவாகப் போட்டாலும் நாக்குக்கு எட்டும். மோருக்கும் சப்பாத்தி மாவுக்கும் உப்பே வேண்டாம். எலுமிச்சை, மாங்காய், மிளகு, சீரகம் ஆகியவை உப்பின் குறையை மறைக்கும்.

உப்பில் அழுத்தத்தை ஏற்றுவது அதிலுள்ள சோடியம். கல் உப்பிலும் இந்துப்பிலும் எடைக்கு எடை ஏறக்குறைய அதே சோடியம்தான். பஜ்ஜி மாவில் போடும் ஆப்ப சோடாவும் கணக்கில் உண்டு: ஒரு தேக்கரண்டி சோடாவில் சுமார் 3 கிராம் உப்பின் சோடியம் இருக்கிறது. சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் கலந்திருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில வகை ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது.

எண்ணெய்க்கு வருவோம். தலைக்கு மாதம் அரை லிட்டர், நான்கு பேருக்கு இரண்டு லிட்டர் போதும். கேனிலிருந்து நேராக வாணலியில் ஊற்றாதீர்கள், கரண்டியால் அளந்து ஊற்றுங்கள். ரேஷன் பாமாயிலில் ஏறக்குறைய பாதி நிறைகொழுப்பு, அதாவது ரத்தத்தில் கெட்ட கொழுப்பை ஏற்றும் வகை. கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் அது ஐந்தில் ஒரு பங்குக்குள். பாமாயிலைத் தவிர்க்க முடியாத வீடுகளில் அளவையாவது குறையுங்கள். வடை சுட்ட எண்ணெயில் மறுபடி பொரிக்கவே கூடாது. வடிகட்டி, ஓரிரு நாளில் தாளிப்புக்குத் தீர்த்துவிடுங்கள். கறுத்து, நுரைத்து, புகைகிற எண்ணெயைக் கொட்டத்தான் வேண்டும்.

மத்தி, கானாங்கெளுத்தி போன்ற மீனை வாரம் இரண்டு முறை குழம்பாக வையுங்கள், வறுக்க வேண்டாம். தட்டில் பாதி காய், கீரை இருக்கட்டும். வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் வேகமாக நடங்கள்: பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட மூச்சு போதக்கூடாது, அந்த வேகம். புகையிலையை எந்த உருவத்திலும் தொடாதீர்கள்.

ரத்த அழுத்தத்தைச் சரியாக அளந்தால்தான் பலன் தெரியும். காபி குடித்து அரை மணி நேரம் கழியட்டும். ஐந்து நிமிடம் பேசாமல், முதுகு சாய்த்து, பாதம் தரையில் படும்படி உட்காருங்கள். கையை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். காலையும் மாலையும் ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள். வீட்டில் பார்க்கும் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் நோட்டோடு மருத்துவரிடம் போங்கள். அளவு இறங்கிவிட்டது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அது இறங்கி நிற்பதே பெரும்பாலும் அந்த மாத்திரையால்தான்.