கடித்த செருப்பு

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். பொருந்தாத வேலை நம்மிடம் பறித்ததைவிட நமக்குத் தந்ததே மிகுதி என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தோழர், "செருப்பு கடித்தால் கழற்றி எறிவோமா, அதற்குக் கோயில் கட்டுவோமா?" என்று கேட்டுக் கைதட்டலை அள்ளிச் சென்றார், அப்போது முன்வரிசையில் சிலர் தம் காலைக் குனிந்து பார்த்ததையும் நான் கவனித்தேன். கணித மேதை ராமானுஜனை 1912-இல் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவில் உட்கார வைத்தது கொடுமை என்றும் அவர் சொன்னார். கொடுமைதான். ஆனால் அவருடைய நோட்டுகளின் அருமையை அறிந்த நாராயண ஐயர் என்னும் அதிகாரி அந்த அலுவலகத்தில்தான் இருந்தார். 1913 சனவரியில் இங்கிலாந்துக் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் ராமானுஜன் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டதும் அந்த எழுத்தர் பதவியைச் சொல்லித்தான். இது போதும், செருப்புக்கு வருகிறேன்.

படிப்பு முடிந்ததும் எனக்குக் கிடைத்தது, இருசக்கர வாகனக் கடனுக்குத் தவணை வசூலிக்கும் வேலை. கடைக்காரரிடம் மீதிச் சில்லறையைக் கேட்கவே கூசுகிறவன் நான். முதல் நாள், மூன்று தவணை பாக்கி வைத்திருந்த வீட்டின் வாசலில், கதவைத் தட்டினால் தவறாக நினைப்பார்களோ என்று அரை மணி நேரம் நின்றேன். வெளியே வந்த அம்மாள், "யாருப்பா, இந்த வெயிலில்?" என்று மோர் கொடுத்தார். மோர் குடித்த வாயால் பாக்கியைக் கேட்பது எப்படி? நலம் விசாரித்துவிட்டுத் திரும்பினேன். மாலையில் மேலாளர், "வசூல் எவ்வளவு?" என்றார். "ஒரு சொம்பு மோர்" என்றேன். மறுநாளும் அதே கேள்வி. "மோரும் இரண்டு முறுக்கும்" என்றேன். வசூல் கூடியிருக்கிறதல்லவா? மூன்றாம் நாள் மேலாளரே உடன் வந்தார். அம்மாள் அவருக்கும் மோர் கொடுத்தார். அவர் சொட்டு மிச்சமில்லாமல் குடித்து, சொம்பைத் திருப்பிக் கொடுத்த கையை அப்படியே நீட்டி, "தவணை?" என்றார். நடுவர் அவர்களே, அதுதான் தொழில்! எனக்கு அந்தக் கை நீளவே இல்லை. 11 மாதங்களில் அந்தச் செருப்பே என்னைக் கழற்றி எறிந்துவிட்டது. தோழர் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

ஆனால் மேலாளர் சொல்லிக்கொடுத்த ஒன்றையும் அவர் குறித்துக்கொள்ள வேண்டும்: "ஆள் இல்லை என்று சொன்னால், முதலில் வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்."

பின்னர் நான் ஆசிரியரானேன். கொரோனாவுக்குப் பிறகு, 2021 செப்டம்பரில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து மேல்வகுப்புகளுக்குப் பள்ளி திறந்தபோது, என் வகுப்பு மாணவன் ஒருவன் வரவில்லை. வீட்டுக்குச் சென்றேன். "அவன் ஊரில் இல்லை, சார்" என்றார் தாய். வாசலைப் பார்த்தேன். குதிகால் தேய்ந்து, சிமெண்டு காய்ந்து வெளுத்துப்போன ஒரு சோடி செருப்பு கிடந்தது. கட்டட வேலை அந்தப் பிள்ளையின் காலை எவ்வளவு கடித்திருக்கும் என்பது அதிலேயே தெரிந்தது. அதைச் சுட்டிக்காட்டி அந்தத் தாயைத் தலைகுனிய வைக்க எனக்கு மனம் வரவில்லை. திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டேன். குடித்துவிட்டு, சொம்பைத் திருப்பிக் கொடுத்த கையை அப்படியே நீட்டி, "பிள்ளையைக் கொடுங்கள், அம்மா" என்றேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து விசும்பல் கேட்டது. வணக்கம்.