உயிரியல் வயதைக் காட்டிப் பணம் கேட்கிறார்கள்

வணக்கம். ஆயுளைக் கூட்டும் ஆன்லைன் திட்டங்களில் எதில் சேரலாம் என்று பலர் கேட்டுவிட்டீர்கள். பெயர் சொல்லிப் பரிந்துரைக்கப் போவதில்லை. எதைக் கண்டால் பர்ஸை மூடிவிட வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

திரையைப் பாருங்கள், மாதிரிக்கு நானே வரைந்தது. நடுவில் ஒரு வட்டம். அதற்குள் சிவப்பில் ‘உங்கள் உயிரியல் வயது 51’. பிறந்த தேதிப்படி 44தான். உயிரியல் வயது என்றால் உடல் எவ்வளவு மூப்படைந்திருக்கிறது என்ற கணிப்பு. கீழே பச்சைப் பொத்தான்: ‘வயதைக் குறையுங்கள்’. ஏழு வயது கூடிவிட்டது என்றால் யாருக்குத்தான் வயிற்றில் புளி கரைக்காது? அந்தக் கலக்கம் அடங்குவதற்குள் கார்டு எண்ணைக் கேட்டுவிடுவார்கள்.

அந்த எண் முழுக் கட்டுக்கதை அல்ல. 2013-ல் அமெரிக்க ஆய்வாளர் ஸ்டீவ் ஹோர்வாத், டிஎன்ஏவில் 353 இடங்களில் படியும் மெத்தில் என்ற வேதிக் குறிகளைக் கொண்டு வயதைக் கணிக்கும் முறையை வெளியிட்டார். பெருங்கூட்டத்தின் சராசரியை ஒப்பிட அது அருமையான கருவி. தனி ஆளிடம் வரும்போதுதான் தடுமாறுகிறது. ஒருவரின் அதே ரத்த மாதிரியைத் திரும்பச் சோதித்தால் சில கணிப்பு முறைகளில் ஒன்பது ஆண்டுகள் வரை வித்தியாசம் வருகிறது என்று 2022-ல் வெளியான ஆய்வு காட்டியது. அதைச் சரிசெய்யும் வழியையும் அதே ஆய்வாளர்கள் சொன்னார்கள். உங்களுக்கு விற்கப்படும் சோதனை எந்த ரகம்? கேளுங்கள், மழுப்பினால் நகர்ந்துவிடுங்கள். ‘மூன்றே மாதத்தில் நான்கு வயது இளமை’ என்கிறார்களே, குறைந்தது வயதா, அளவுப் பிழையா?

சோதனையும் அவர்களுடையது, அந்த எண்ணைக் குறைக்கும் மாத்திரையும் அவர்களுடையது என்றால் நான் அங்கே நிற்கவே மாட்டேன். எடைக்கல்லும் சரக்கும் ஒரே கையில் இருக்கும் கடை அது.

மருத்துவர் இருக்கிறார் என்கிறார்களா? பதிவு எண்ணைப் பாருங்கள். 2020-ல் வந்த இந்தியத் தொலைமருத்துவ விதிகளின்படி மருத்துவர் அதை மருந்துச் சீட்டில் காட்ட வேண்டும். செயற்கை நுண்ணறிவு தானாக மருந்து எழுதவும் அந்த விதிகள் இடம் தரவில்லை. ‘ஹெல்த் கோச்’ என்பவர் மருத்துவர் அல்லர், எவ்வளவு வெள்ளைக் கோட்டு போட்டிருந்தாலும்.

சேர்வதற்கு முன்பே சந்தாவை ரத்து செய்யும் வழியைத் தேடுங்கள். 2023-ல் மத்திய அரசு தடை செய்த 13 ஏமாற்று உத்திகளில், ரத்து செய்ய விடாமல் இழுத்தடிக்கும் சந்தாப் பொறியும் ஒன்று. மாட்டிக்கொண்டால் நுகர்வோர் உதவி எண் 1915.

சரி, எதற்குத்தான் பணம் கொடுக்கலாம்? வாரத்துக்கு 150 நிமிட வேக நடை, இரண்டு நாள் தசைப்பயிற்சி. உலக சுகாதார நிறுவனம் இதை இலவசமாகவே சொல்லிவிட்டது. தெரிந்தும் நாம் செய்வதில்லை. வாராவாரம் ஒரு மனிதர் அழைத்து, “நடந்தீர்களா?” என்று விடாமல் கேட்கிறார் என்றால் அந்த நச்சரிப்புக்குக் கொடுக்கலாம். எனக்கு அது பயன்படும்.

கடைசியாக, சர்க்கரை நோயாளிகளுக்கு. எல்லாருக்கும் ஒரே மாதிரி 16 மணி நேர உண்ணாவிரதம் எழுதித் தரும் திட்டங்கள் இருக்கின்றன. இன்சுலினோ கிளிமெபிரைட் வகை மாத்திரையோ எடுப்பவர் அப்படிப் பட்டினி கிடந்தால் ரத்தச் சர்க்கரை அபாயகரமாக இறங்கி மயக்கம் வரலாம். நீங்கள் எடுக்கும் மருந்துகளைக் கேட்காமலேயே ஒரு செயலி உணவு அட்டவணையை நீட்டினால், அன்றே அதை அழித்துவிடுங்கள்.