மீந்த சாம்பாருக்கு ஒரு பக்கம்

வணக்கம் நேயர்களே. இந்த நேரத்தில் ரேடியோ கேட்பவர்களில் பாதிப் பேராவது சமையற்கட்டில்தான் நின்றுகொண்டிருப்பீர்கள். கை காலியாக இருந்தால் ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு பார்வை பாருங்கள். இல்லையென்றால் மனசுக்குள் திறந்தாலே போதும், உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாதா? நேற்றைய சாம்பார் ஒரு கிண்ணம், நாலு நாளான மாவு அடிப்பாத்திரத்தில் கொஞ்சம், பாதி முட்டைக்கோஸ், அரைமூடித் தேங்காய், இலை தொங்கிப்போன கொத்தமல்லி, ராத்திரி யாரும் எடுக்காத இரண்டு சப்பாத்தி. இவற்றைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. கல்யாணமாகி வந்த வருஷம் எழுத ஆரம்பித்தது, இப்போது நாற்பது வருஷம் ஆகிறது. அந்த நோட்டில் சாம்பார் என்று தேடினால் கிடைக்காது, ஆனால் மீந்த சாம்பார் என்று ஒரு பக்கம் இருக்கிறது. மீந்த இட்லிக்கு இரண்டு பக்கம், புளித்த மாவுக்கு மூன்று பக்கம், திரிந்த பாலுக்கு அரைப் பக்கம். சாம்பார் வைக்க யாரும் சொல்லிக்கொடுப்பார்கள், மீந்ததை என்ன செய்வது என்பதைத்தான் நான் வீடு வீடாகக் கேட்டு எழுத வேண்டியிருந்தது.

இப்போது எல்லாரும் போனில் தேடுகிறோம், நானும் தேடுகிறேன். ஆனால் மீந்த சாதத்தில் என்ன செய்யலாம் என்று தேடினால் குடமிளகாய் வேண்டும், பனீர் வேண்டும், ஸ்வீட் கார்ன் வேண்டும், அந்த சாஸ் இந்த சாஸ் வேண்டும் என்று வருகிறது. ஒரு கிண்ணம் சாதத்தைக் காப்பாற்ற நூறு ரூபாயோடு கடைக்கு ஓட வேண்டும், அப்புறம் அந்தக் குடமிளகாயில் பாதி மீந்து அடுத்த வாரம் ஃபிரிட்ஜில் கிடக்கும். எங்கள் மேல்வீட்டுப் பெண் ஒருநாள் போனோடு வந்து நின்றாள். "அத்தை, வீட்டில் பாதி கோஸும் கொஞ்சம் பருப்பும் கிடக்கிறது, அதை வைத்துத் தேடினால் முப்பது சமையல் வருகிறது, முப்பதிலும் என்னிடம் இல்லாத ஏதோ ஒன்று கேட்கிறான்." நான் அவளிடம் கேட்டது ஒன்றுதான். கோஸ் எப்படி இருக்கிறது? முறுக்காக இருக்கிறதா, துவண்டிருக்கிறதா? பருப்பு கெட்டியா, தண்ணியா?

நான் இன்றைக்குச் சொல்ல வந்ததே அதுதான். பொருளின் பெயரை வைத்துத் தேடாதீர்கள், அது இப்போது என்ன நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். புளித்திருக்கிறதா, காய்ந்திருக்கிறதா, வாடியிருக்கிறதா, நீர்த்திருக்கிறதா. இந்த நாலில் ஒன்றுக்குள் அநேகமாக எல்லா மீந்த சாமானும் வந்துவிடும். நிலை தெரிந்துவிட்டால் என்ன செய்வது என்பது தானாகவே தெரியும்.

புளித்த மாவை எடுத்துக்கொள்ளுங்கள். நாலாம் நாள் மாவில் தோசை வார்த்தால் கல் எவ்வளவு காய்ந்தாலும் சிவக்காது, வெளுத்துப்போய் வரும், கவனித்திருப்பீர்கள். கல்லில் குறை இல்லை. மாவில் இருக்கிற சர்க்கரையைத் தின்றுதான் நுண்ணுயிர்கள் அதைப் புளிக்க வைக்கின்றன, நாலு நாளில் அந்தச் சர்க்கரை தீர்ந்துவிடுகிறது, தோசை சிவக்க அந்தச் சர்க்கரைதான் வேண்டும். ஒரு சிட்டிகை சீனி போட்டுக் கலக்கி வார்த்துப் பாருங்கள், நிறம் திரும்பி வரும். புளிப்பு அப்படியேதான் இருக்கும். அதனால் புளிப்பு எங்கே பொருந்துமோ அங்கே கொண்டுபோக வேண்டும். ஒரு கைப்பிடி ரவையோ அரிசிமாவோ கலந்து, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், கடுகு, கடலைப்பருப்பு தாளித்துக் கொட்டி, குழிப்பணியாரச் சட்டியில் ஊற்றினால், நேற்று மாவில் வராத ருசி இதில் வரும். பணியாரத்துக்குப் புளித்த மாவுதான் வேண்டும் என்று சொல்கிற ஆட்களில் நானும் ஒருத்தி. அதாவது அது மீந்துபோன மாவு இல்லை, பணியாரத்துக்குப் பக்குவமான மாவு.

காய்ந்தது என்றால் இட்லி. சூடான இட்லியை உதிர்த்து உப்புமா செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், களியாகிவிடும். அதே இட்லி ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் இருந்தால் கைபட்டதும் பொலபொலவென்று உதிரும். சோற்றில், இட்லியில், ரொட்டியில் இருக்கிற மாவுச்சத்து குளிரில் இறுகிவிடுகிறது, அதுதான் காரணம். எலுமிச்சை சாதத்துக்கு ஆறிய சோறு நன்றாக இருப்பதும் இதனால்தான். திரும்பக் கொஞ்சம் தண்ணீரும் சூடும் காட்டினால் இளகும். விறைத்த சப்பாத்தி மேல் தண்ணீர் தெளித்து, காய்ந்த கல்லில் போட்டு, ஒரு தட்டால் மூடி ஒரு நிமிஷம் வைத்துப் பாருங்கள். மூன்று நிமிஷம் வைத்தால் அப்பளம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நீர்த்தது என்றால் சாம்பாரும் ரசமும். இங்கே நான் கொஞ்சம் நின்று பேசப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள், எனக்குப் பிடித்த இடம் இது.

நான் நாஞ்சில் நாட்டுக்காரி. எங்கள் பக்கத்தில் கல்யாணச் சாப்பாட்டை விட மறுநாள் காலை சாப்பாட்டுக்குக் காத்திருக்கிறவர்கள் உண்டு. அதற்குப் பெயர் பழங்கறி. திருநெல்வேலிப் பக்கம் சுண்டக்கறி என்பார்கள். கல்யாணத்தன்று பந்தி முடிந்ததும் ஆட்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிடுவார்கள், எங்கள் ஆச்சி மட்டும் உட்கார மாட்டாள். பின்கட்டுக்குப் போய் ஒவ்வொரு பாத்திரமாகத் திறந்து மோந்து பார்ப்பாள். அவியல், எரிசேரி, துவரன், சாம்பார் எல்லாம் பெரிய உருளிக்குள் போகும். கிச்சடி, பச்சடி, மோர்க்கறி, தயிர் பட்ட எதுவும் சேராது. பாயசப் பாத்திரத்துக் கரண்டிகூடப் பக்கத்தில் வரக்கூடாது.

எனக்கு எட்டு ஒன்பது வயசிருக்கும், பக்கத்தில் நின்று கேட்டேன், நாளைக் காலையில் தானே சாப்பிடப் போகிறோம், காலையில் சூடு பண்ணினால் போதாதா என்று. ஆச்சி திரும்பிப் பார்க்காமல் சொன்னாள், "தேங்காய் போட்டது இருட்டுக்கு முந்தி அடுப்பில ஏறணும் மக்கா." பந்திக்குச் சமைத்த அடுப்பில் விறகை வெளியே இழுத்துவிட்டு, கிடக்கிற தணலில் உருளியை ஏற்றுவாள். முதலில் நன்றாகத் தளதளவென்று கொதிக்க வேண்டும், அப்புறம்தான் தணல். அடிக்கடி துடுப்பைப் போட்டுக் கிண்டுவாள், ஆனால் குழைய விடமாட்டாள். சாம்பார்த் தண்ணீர் வற்ற வற்றக் கறியின் நிறம் மஞ்சளில் இருந்து மண்நிறத்துக்கு மாறும், சேனையின் ஓரமெல்லாம் கரைந்து குழம்பில் சேரும், முருங்கைக்காய் மட்டும் எலும்பு மாதிரி முழுசாக நிற்கும். ராத்திரி பத்து மணிக்குக் கொஞ்சம் தேங்காயெண்ணெயும் கறிவேப்பிலையும் போட்டு மூடி இறக்குவாள். விடிந்ததும் மறுபடி ஒரு கொதி. பழைய சோற்றைப் பிழிந்து வைத்து அதன் நடுவில் குழி பண்ணி இந்தக் கறியை ஒரு கரண்டி விடுவாள். முந்தின நாள் தனித்தனியாக இலையில் இருந்தபோது அவியல் அவியலாக இருந்தது, எரிசேரி எரிசேரியாக இருந்தது, இப்போது இது எதுவும் இல்லை, புதிதாக ஒரு கறி. அதற்கு ஈடாக ஒன்றை நான் எந்த ஓட்டலிலும் சாப்பிட்டதில்லை.

ஆச்சி செய்தது எல்லாவற்றுக்கும் காரணம் இருந்தது என்பது பின்னால்தான் புரிந்தது. கெட்டுப்போக வைக்கிற கிருமிகளுக்குத் தண்ணீர் வேண்டும், அதை வற்றவைத்துவிட்டாள். அவற்றுக்குப் புளிப்பும் உப்பும் ஆகாது, வற்ற வற்ற இரண்டும் கூடிக்கொண்டே போகிறது. தேங்காய்தான் முதலில் கெடும், அதனால் இருட்டும்வரை காத்திருக்கவில்லை. நீங்கள் வீட்டில் செய்வதானால் ஒரு கிண்ணம் சாம்பார், ஒரு கரண்டி கூட்டு, கொஞ்சம் பொரியல், இவ்வளவு போதும். அடிகனமான வாணலியில் நன்றாகக் கொதிக்கவிட்டு, அப்புறம் சிறுதீயில் அரைமணி நேரம். வற்றினால் உப்பு ஏறும், அதனால் புதிதாக உப்பு போடாதீர்கள். இதை மட்டும் மறக்க வேண்டாம், உப்பு போடாதீர்கள்.

ரசம் மீந்தால் மெதுவடையை அதில் ஊறப்போடலாம், ரசவடை. மசால்வடை மீந்தால் வடைகறி, சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம், சைதாப்பேட்டை என்றாலே அதுதான் ஞாபகம் வரும். சாயங்காலம் விற்காத வடை மறுநாள் காலை இட்லிக்குத் தொட்டுக்கொள்ள வந்த கதை என்று சொல்வார்கள்.

சோற்றைப் பற்றி ஒரு எச்சரிக்கை, இது விளையாட்டு இல்லை. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி உண்டு, அதன் விதை மாதிரியான வித்து, சோறு கொதிக்கும்போதும் சாகாது. மத்தியானம் வடித்த சோறு சாயங்காலம் வரை வெதுவெதுப்பாக அடுப்படியில் கிடந்தால் அது முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தி எடுக்க வைக்கிற அந்த நஞ்சு திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் இதெல்லாம் வேகமாக வளரும். அதனால் மீந்த சோற்றைத் தட்டில் பரப்பி சீக்கிரம் ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள், மறுநாளே தீர்த்துவிடுங்கள், ஒரே தடவை சூடு பண்ணுங்கள். அப்படியானால் பழையது எப்படி என்று கேட்பீர்கள். அதில் சோறு தண்ணீருக்குள் முழுக மூழ்கி இருக்கிறது, தயிரைப் புளிக்க வைக்கிற அதே இனத்து நுண்ணுயிர்கள் ராத்திரியில் அதைப் புளிக்க வைக்கின்றன, அந்தப் புளிப்பில் கெட்ட கிருமிகளுக்குப் பெருகுவது கஷ்டம். தண்ணீருக்கு மேலே தலைநீட்டும் சோறு பழையது ஆகாது, அது வெறும் மீந்த சோறு. ஆச்சி ராத்திரி படுக்கப் போகும்போது பானையில் கைவைத்துப் பார்ப்பாள், தண்ணீர் சோற்றுக்கு மேலே நாலு விரல் நிற்க வேண்டும். காலையில் நாற்றம் வேறாக இருந்தால், அல்லது நூல் மாதிரி இழுத்தால், யோசிக்காமல் கொட்டிவிடுவாள். மிச்சம் பிடிக்கிறவளுக்கு எதைக் கொட்ட வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது.

வெயில் காலமாக இருந்தால் மீந்த சோற்றுக்கு இன்னொரு வழி, சோற்று வடகம். உப்பு, பச்சைமிளகாய், சீரகம் சேர்த்து அரைத்து, துணியில் கிள்ளி வைத்துக் காயவைத்தால் மழைக்காலம் வரை டப்பாவில் கிடக்கும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து தம்பி மூன்று விரல் காட்டுகிறார், மூன்று நிமிஷம்தான் இருக்கிறது. வாடியதைப் பற்றி நிறைய எழுதிக்கொண்டு வந்தேன். சரி, சுருக்கமாக. வாடிய கீரை, கொத்தமல்லி, கேரட் இவற்றுக்குப் போனது தண்ணீர்தான். குளிர்ந்த தண்ணீரில் அரைமணி போட்டால் பாதி எழுந்துவிடும், எழாதது துவையலுக்கும் சூப்புக்கும். மேல்வீட்டுப் பெண்ணின் கோஸ் துவண்டிருந்தது, பருப்பு கெட்டியாக இருந்தது, அதனால் கூட்டு. தேங்காய் சீரகம் அரைத்துவிட்டாள், கடைக்குப் போகவில்லை.

அப்புறம் தோல். ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2024இல் ஒரு அறிக்கை வெளியிட்டது. 2022இல் உலகத்தில் 105 கோடி டன் உணவு வீணாகியிருக்கிறது, அதில் 60 சதவீதம் வீடுகளில். இந்தியாவில் வீட்டில் மட்டும் ஆளுக்கு வருஷத்துக்கு 55 கிலோ என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நாலு பேர் வீடென்றால் ஒரு நாளைக்கு 600 கிராம். இந்தக் கணக்கில் தோலும் கொட்டையும் எலும்பும் சேரும், அதனால்தான் தோலைச் சொல்கிறேன். நம் வீட்டுக் கழிவில் எல்லாமே கழிவு இல்லை. வாழைக்காய்த் தோல், சௌசௌத் தோல், தர்பூசணியின் வெள்ளைப் பகுதி, பலாக்கொட்டை எல்லாம் சமைக்கிறவைதான்.

ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன், பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். பீர்க்கங்காய்த் தோல் துவையல். காயை முதலில் நன்றாகக் கழுவிவிட்டுத் தோல் சீவுங்கள், வரம்பில் நாராக இருப்பதைத் தள்ளிவிடுங்கள். ஒரு காயின் தோலுக்கு ஒரு ஸ்பூன் எண்ணெயில் இரண்டு ஸ்பூன் உளுந்து, மூன்று வற்றல் மிளகாய் சிவக்க வறுத்து எடுத்துவிட்டு, அதே எண்ணெயில் தோலைப் பச்சை வாசனை போகும்வரை வதக்குங்கள். சுண்டைக்காய் அளவு புளி, இரண்டு துண்டு தேங்காய், உப்பு. தோலை முதலில் அரைத்துவிட்டு உளுந்தைக் கடைசியில் போட்டு ஒரே சுற்று, நறநறவென்று இருக்க வேண்டும். தண்ணீர் விடாதீர்கள், தோலில் இருக்கிற ஈரமே... தம்பி கையைக் காட்டிவிட்டார். தோலில் இருக்கிற ஈரமே போதும். வணக்கம்.