நாடு கிடைக்கும், நான் வரமாட்டேன்

வானொலி நேயர்கள் எல்லோருக்கும் அன்பு வணக்கம்.

எங்கள் பக்கத்துக் கோயில்களில் வாசலடியில் ஒரு மன்றாட்டுப் பெட்டி இருக்கும். உபதேசியார் என்ற முறையில் அந்தப் பெட்டியைத் திறந்து, ஞாயிறு திருப்பலிக்கு முன் துண்டுகளைப் பிரித்து வைக்கிற வேலை எனக்குப் பல வருடமாக உண்டு. பெரும்பாலும் அப்பியாசக் கொப்பியில் கிழித்த தாள்கள். "மகனின் கனடாப் பயணம் சரிவர வேண்டும்." "லீசிங் காசு கட்டி முடிய வேண்டும்." "ஓ.எல். சோதனையில் நல்ல பெறுபேறு." "காலபோக நெல்லுக்கு நல்ல விலை." எழுத்துப் பிழையோடும் கண்ணீரோடும் எழுதியவை. ஒன்றுகூடப் பொய்யான தேவை இல்லை. ஆனால் "ஆண்டவரே, நீர் எனக்கு வேண்டும்" என்று எழுதிய துண்டு எப்போதாவதுதான் வரும். இன்றைக்கு அதைப் பற்றித்தான் உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கேட்பது பிழை இல்லை. இயேசு கற்றுத்தந்த செபத்திலேயே "எங்கள் அன்றாட உணவை இன்று எங்களுக்குத் தாரும்" என்று இருக்கிறது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காக வீதியோரம் அமர்ந்த தாய்மாரிடம் போய், "உலகக் காரியங்களைக் கேட்காதீர்கள், கடவுளைத் தேடுங்கள்" என்று சொல்ல எனக்கு நா எழாது. பிள்ளை ஒரு பொருள் அல்ல. அந்தத் தாய் தன் கண்ணீரோடு கடவுளிடம் போவதே கடவுளைத் தேடுவதுதான்.

நான் சொல்ல வருவது வேறு. விடுதலைப்பயண நூலின் 33ஆம் அதிகாரத்தை ஒருமுறை எடுத்து வாசித்துப் பாருங்கள். இடம்பெயர்ந்து அலைந்த எங்கள் சனத்துக்கு அது நன்றாக விளங்கும். பொன் கன்றுக்குட்டியைச் செய்து வணங்கிய பிறகு, ஆண்டவர் மோசேயிடம் சொல்கிறார்: புறப்பட்டுப் போங்கள். உங்கள் மூதாதையருக்கு நான் ஆணையிட்டுச் சொன்ன நாட்டுக்கே போங்கள். முன்னால் ஒரு தூதரை அனுப்புவேன். அங்கே இருப்பவர்களைத் துரத்திவிடுவேன். பாலும் தேனும் பொழிகிற நாடு அது. ஆனால் நான் உங்களோடு வரமாட்டேன்.

யோசித்துப் பாருங்கள். கூடாரத்தில் கிடந்த சனத்துக்குக் காணி கிடைக்கிறது. காவல் இருக்கிறது, எதிரி இல்லை, சாப்பாட்டுக்குக் குறைவில்லை. பெட்டியில் கிடக்கிற அத்தனை துண்டுகளுக்கும் ஒரே நாளில் பதில் வந்த மாதிரி. அந்த இடத்தில் நாங்கள் என்றால் நன்றித் திருப்பலிக்குக் காசு கட்டியிருப்போம். அந்த மக்களோ துக்கம் கொண்டாடினார்கள், ஒருவரும் நகை அணியவில்லை என்று எழுதியிருக்கிறது. மோசே ஒரே பிடியாக நிற்கிறார்: நீர் வராவிட்டால் எங்களை இங்கிருந்து அனுப்பவே வேண்டாம். அதாவது, நீர் இல்லாத வளமான நாட்டை விட நீர் இருக்கிற பாலைவனம் எங்களுக்குப் போதும் என்கிறார். கடைசியில் மோசே அந்த நாட்டுக்குள் கால் வைக்கவும் இல்லை. நெபோ மலையில் நின்று கண்ணால் பார்த்ததோடு சரி. ஆனால் ஒருவன் தன் நண்பனோடு பேசுவதுபோல ஆண்டவர் அவரோடு முகமுகமாய்ப் பேசினார் என்று அந்த 33ஆம் அதிகாரம் சொல்கிறது.

மோசேயை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு 2009இல் செட்டிகுளத்தில் இடம்பெயர்ந்தோர் முகாமில் பக்கத்துக் கூடாரத்தில் இருந்த ஒரு ஆச்சியின் நினைவு வரும். செபமாலை வழியில் எங்கேயோ தொலைந்துவிட்டது. ஒரு சணல் கயிற்றில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தா. மத்தியான வெயிலில் தறப்பாளுக்குக் கீழே இருக்க முடியாது. ஆச்சி வெளியில் தண்ணிக் கான் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் இருந்து முடிச்சுகளை உருட்டிக்கொண்டிருப்பா. ஒருநாள் கேட்டேன், "ஆச்சி, என்னத்தைக் கேட்டுச் செபிக்கிறியள்?" "கேக்கிறதெல்லாம் கேட்டு முடிஞ்சுது மோனை. இப்ப சும்மா அவரோட கதைச்சுக்கொண்டு இருக்கிறன்" என்றா.

மீள்குடியேறி வந்த பிறகு எங்களுக்கு நிறையக் கிடைத்தது. வீட்டுத் திட்டம் வந்தது, ஏ9 வீதி காப்பெட் ஆனது, கரண்ட் வந்தது. எல்லாம் நல்லது. அவற்றோடு எங்கள் செபமும் மெல்ல ஒரு சாமான் பட்டியலாகிவிட்டது. லண்டனில் இருக்கிற அண்ணாவுக்குக் காசு தேவைப்படும்போது மட்டும் கோல் எடுத்தால், அண்ணா காசு அனுப்பத்தான் செய்வார். ஆனால் எங்கள் நம்பரைப் பார்த்ததும் அவர் மனம் எப்படி இருக்கும்? அப்பம் பெருகியதைக் கண்டு படகேறிக் கப்பர்நாகும் வரை தேடிவந்த கூட்டத்திடம் இயேசு இதைத்தான் சொன்னார்: அப்பங்களை வயிறார உண்டதால்தான் என்னைத் தேடுகிறீர்கள். அவர் அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. தன்னையே அப்பமாகத் தருவதாகச் சொன்னார். பலருக்கு அது பிடிக்காமல் போய்விட்டது.

இவ்வளவு காணிக்கை போட்டால் இவ்வளவு திரும்பி வரும் என்று சொல்லிக் கூட்டம் சேர்ப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். அது செபம் இல்லை, வியாபாரம். அதை நம்பி, கடன்பட்டுக் காணிக்கை கொடுத்த ஏழைகளை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

எங்கள் மண்ணின் விசுவாசம் அப்படித் தொடங்கவில்லை. ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில், 1670இல், மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் வீடுவாசலை விட்டு, மாதாவின் திருவுருவத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனார்கள். இன்றைக்கு ஆவணித் திருவிழாவுக்கு நாங்கள் நேர்த்தியோடு போகிற மடு மாதா கோயில் அப்படி உருவானதுதான்.

2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வயலை மூடியது உங்களுக்கு நினைவிருக்கும். அபக்கூக்கு இறைவாக்கினர் அப்படியொரு வயலைப் பார்த்துத்தான் பாடுகிறார் போலிருக்கும்: வயல்களில் தானியம் விளையாவிட்டாலும், தொழுவங்களில் மாடுகள் இல்லாமல் போனாலும், நான் ஆண்டவரில் களிகூர்வேன். இழப்பை அவர் மறைக்கவில்லை. ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறார். அப்படி எண்ணிய பிறகும் அவருக்கு ஆண்டவர் மிச்சம் இருக்கிறார்.

சரி, செய்வது எப்படி? இயேசுவின் செபத்தில் உணவு வருவதற்கு முன் தந்தையின் பெயர், ஆட்சி, திருவுளம் என்று மூன்று வருகின்றன. அந்த ஒழுங்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரவு வீட்டில் செபமாலை தொடங்க முன், "நான் ஆண்டவரிடம் ஒரு விண்ணப்பம் செய்தேன், அதையே நான் நாடித் தேடுவேன்" என்ற 27ஆம் திருப்பாடல் வரியை ஒருவர் வாசிக்கட்டும். பிறகு ஐந்து நிமிடம் ஒன்றும் கேட்காமல் இருங்கள். பிள்ளைகள் நெளிவார்கள், பரவாயில்லை. அதற்குப் பிறகு லீசிங்கையும் சோதனையையும் நெல் விலையையும் தாராளமாகச் சொல்லுங்கள். அவர் தகப்பன், கேட்பார். முதல் வெள்ளி நற்கருணை ஆராதனைக்குப் போகிறவர்கள், புத்தகச் செபம் முடிந்ததும் எழும்பி வராமல் இன்னும் கொஞ்ச நேரம் அவர் முன்னால் சும்மா இருந்து பாருங்கள். கடலுக்குப் போகிறவர்களுக்கும் வயலுக்குத் தண்ணி கட்டுகிறவர்களுக்கும் கோயிலுக்கு வர நேரம் கிடைக்காது. நீங்கள் நிற்கிற இடத்திலேயே அவரோடு கதையுங்கள்.

நன்றி, வணக்கம்.