லட்டா, தேரா? உங்கள் ஆராய்ச்சிக்கு எந்தக் கணினி

(திரையில்: கறுப்புத் திரை, நடுவே ஒரே எழுத்து)

வணக்கம். இந்த 'க்யூ' எழுத்துக்கு, உங்கள் வேலை இன்னும் வரிசையில் நிற்கிறது என்று பொருள். நூற்றுக்கணக்கான கணினிகளை ஒன்றாக இணைத்த, தென்னாப்பிரிக்காவின் லெங்காவ் சூப்பர்கம்ப்யூட்டருக்கு நேற்றிரவு நான் அனுப்பிய வேலை, காலைக் காபி ஆறும்வரை அங்கேயே நின்றது.

"பேசாமல் கிளவுடுக்குப் போயிடலாமே அண்ணா?" என்று டர்பன் தம்பி தங்கைகள் கேட்கிறீர்கள். கிளவுட் என்றால் இணையம் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் கணினிகள். போகலாம். ஆனால் உங்கள் வேலை லட்டா, தேரா?

கல்யாணத்துக்கு ஆயிரம் லட்டு வேண்டும். பத்து வீட்டுக்குப் பிரித்துக் கொடுத்தால் அவரவர் அடுப்படியில் பிடித்துத் தருவார்கள். ஒரு வீட்டில் தாமதமானாலும் அடுத்த வீட்டில் கை நிற்காது. கரும்பு இலைப் படங்களில் நோய்ப்புள்ளி தேடுவது இந்த ரகம். அதற்கு கிளவுட் அருமை. தைப்பூசத் தேர் அப்படியா? எல்லாரும் ஒன்றாக வடம் பிடித்தால்தான் நகரும்.

(திரையில்: டர்பன் வரைபடம், மேலே கட்டங்கள்)

தேர் ரகத்துக்கு ஒரு உதாரணம். 2022 ஏப்ரலில் நம் பக்கம் 400க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன மழையைக் கணினியில் மறுபடி பெய்யவைக்க வேண்டும். வானத்தைக் கட்டம்கட்டமாக வெட்டி கோர்களுக்கு, அதாவது கணினிச் சிப்பில் கணக்குப் போடும் பகுதிகளுக்கு, பங்கிடுகிறோம். ஒரு கட்டத்துக் காற்றும் ஈரமும் பக்கத்துக் கட்டத்துக்குப் போகுமே! அதனால் ஒவ்வொரு படியிலும் கோர்கள் எண்களைக் கைமாற்றிக்கொள்ளும். ஒன்று தயங்கினால் மற்றவையும் நிற்கும். லெங்காவில் 1,000க்கு மேற்பட்ட கணினிகளை இன்பினிபேண்ட் என்ற அதிவேக இணைப்பு இணைத்திருப்பது இதற்காகத்தான். கிளவுடிலும் அதிவேக இணைப்பு உண்டு, வாடகைதான் எகிறும்.

வாடகை என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு வெள்ளிக்கிழமை கிளவுடில் ஜிபியூ (ஒரே நேரத்தில் ஏராளமான கணக்குப் போடும் சிப்) உள்ள கணினியை அணைக்க மறந்து சாட்ஸ்வொர்த்தில் கல்யாணத்துக்குப் போய்விட்டேன். திங்கள்கிழமை பில் டாலரில் வந்தது, என் சம்பளமோ ராண்டில். மறதி என்னுடையதுதான், யாரைக் குறைசொல்ல? கிளவுடில் கணக்குத் தொடங்கியதும் முதல் வேலையாகச் செலவு எச்சரிக்கையைப் போட்டுவையுங்கள்.

இதில் ஒரு வேடிக்கை. 2016இல் தொடங்கிய லெங்காவ் இருப்பது கேப்டவுனில். அமேசான் 2006இல் வெளியிட்ட ஈசி2 கிளவுட் சேவையை உருவாக்கியதும் கேப்டவுனில் இருந்த குழுதான்!

லெங்காவில் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்குக் காசு கேட்பதில்லை. பேராசிரியர் விண்ணப்பித்து உங்களைச் சேர்க்க வேண்டும். வேலை அனுப்பும்போது பயத்தில் 48 மணி நேரம் என்று போடாதீர்கள். சின்னதாக ஓட்டிப் பார்த்து, தேவையான நேரத்தைக் கேளுங்கள். சிறிய வேலை வரிசையின் இடுக்கில் புகுந்துவிடும்.

(திரையில்: 'க்யூ' மறைந்து 'ஆர்' வருகிறது)

அட, ஓட ஆரம்பித்துவிட்டது.